சிறுத்தையின் தொப்பை தெரிந்த படம்

ஒரு காட்டில், மலையிலிருந்து இறங்கும் ஓடை குளமாகத் தேங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், சொக்கலிங்கம் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. போட்டோ எடுப்பதுதான் அதன் தொழில். கல்யாணம், காதுகுத்து, குட்டிக்கு முதல் பல் முளைத்த விழா என்று எது நடந்தாலும் சொக்கலிங்கத்தைத்தான் கூப்பிடுவார்கள். காட்டில் கேமரா வைத்திருந்தது அது மட்டும்தான். சுற்றுலா வந்த ஒரு குடும்பம் யானையைக் கண்டதும் கேமரா, போன், பாதி சாப்பிட்ட புளியோதரை எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடியது. மற்ற மிருகங்கள் புளியோதரைக்குப் பாய்ந்தன. சொக்கலிங்கம் கேமராப் பையையும் போனையும் தூக்கிக்கொண்டு வந்தது.

ஆனால் தொழிலில் ஒரு சங்கடம். "தாடையைக் கொஞ்சம் தூக்கும்மா" என்று மணப்பெண்ணின் பக்கத்தில் போனால் மணப்பெண் "ஐயோ" என்று அலறும். எல்லாம் முள்ளால் வந்த வினை. ஒரு முயல் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா காதில் முள் ஏறி, பந்தி போடுவதற்குள் சம்பந்திச் சண்டையே வந்துவிட்டது. அதன் பிறகு சொக்கலிங்கத்தைக் கூப்பிடுகிறவர்கள் "தள்ளி நின்னே எடுத்துடுங்க" என்று முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்தார்கள். தள்ளி நின்று எடுத்தால் மணமக்கள் கடுகு அளவு தெரிந்தார்கள்.

ஒருநாள் அது போனைத் தடவிக்கொண்டிருந்தபோது, கேமராவும் போனும் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொண்டன. கேமராவிலிருந்து ஒரு வைஃபை கிளம்பியது. போனில் அதன் பெயரைத் தொட்டதும் கேமரா எதைப் பார்க்கிறதோ அது போன் திரையில் தெரிந்தது. திரையின் கீழே ஒரு வெள்ளை வட்டம். அதைத் தொட்டால், அந்தப் பக்கம் கேமரா 'கிளிக்' என்றது. தொட்டதற்கும் கிளிக்குக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம் தாமதம் இருந்தது. இருந்தால் என்ன? கேமராவை ஸ்டாண்டில் மாட்டி மணமக்கள் முன்னால் நிறுத்திவிட்டு, சொக்கலிங்கம் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து வட்டத்தைத் தொட்டது. யாருக்கும் முள் குத்தவில்லை. தொழில் மறுபடி சூடு பிடித்தது.

அந்தக் காட்டின் புள்ளிமான்களுக்கு அந்தக் கோடையில் பெரிய கஷ்டம். ஓடை வற்றிவிட்டது, குளத்தில் மட்டும்தான் தண்ணீர். குளத்தங்கரையில் ரத்தினவேலு என்ற சிறுத்தை படுத்திருக்கும். போனால் அது பிடிக்கும், போகாவிட்டால் நாக்கு வறளும். கூட்டத்தில் செவந்தி என்றொரு பெண்மான். அதன் தங்கை தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பி வரவே இல்லை. அதற்குப் பிறகு செவந்தி சரியாகத் தூங்குவதில்லை.

செவந்தி சொக்கலிங்கத்திடம் வந்தது.

"அண்ணே, உங்க கேமராவைக் குளத்தங்கரையில நிறுத்திட்டு, தூரத்துலேருந்து போன்ல பார்த்தா, அவன் இருக்கானா இல்லையான்னு தெரிஞ்சிடுமில்ல?"

"தெரியும். ஆனா நான் கல்யாணம் எடுக்கிறவன்மா. சிறுத்தை எடுத்துப் பழக்கமில்லை."

"இதையும் ஒரு விசேஷம்னு நினைச்சுக்குங்க. எங்க குட்டிங்க உயிரோட தண்ணி குடிக்கிற விசேஷம்."

பேசும்போது செவந்தி ஓரடிகூடப் பின்னால் நகரவில்லை. முள்ளுக்கு இவ்வளவு பக்கத்தில் நின்று யாரும் பேசி சொக்கலிங்கம் பார்த்ததில்லை. "சரிம்மா" என்று சொல்லிவிட்டது.

கேமரா குளத்தங்கரைக் கோரைப்புல்லுக்குள் நின்றது. மேட்டில் இருந்த பாறையில் மான்கள் கூடி உட்கார்ந்தன. நடுவில் சொக்கலிங்கம், கையில் போன். திரையில் ரத்தினவேலு வந்தது, குடித்தது, படுத்தது, எழுந்து போனது. அது போன பிறகு மான்கள் இறங்கிப் போய் நிம்மதியாகக் குடித்துவிட்டு வந்தன. அப்படியே சில நாட்கள் ஓடின. சிறுத்தை தண்ணீர் குடிக்கிற கோலத்தைச் சொக்கலிங்கம் தொழில் பழக்கத்தில் கிளிக் செய்தும் வைத்தது. மந்திகள் மரத்திலிருந்து எட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தன.

"இனிமே நமக்கு என்ன பயம்!" என்று இருளப்பன் கொம்பை ஆட்டியது. அது கூட்டத்தின் பெரிய ஆண்மான். "அவன் வந்தா திரையில தெரியப்போகுது. தெரிஞ்சதும் நான் பார்த்துக்கறேன்."

பாறை வெயிலில் சுட்டதால் மான்கள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நிழலைத் தேடிப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தன. "ரொம்பத் தள்ளிப் போனா படம் நின்னுடும்" என்று சொக்கலிங்கம் சொல்லிப் பார்த்தது. யார் கேட்டார்கள்? கடைசியில் அதுவும் நிழலில் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று திரையில் குளம் அமைதியாக இருந்தது. சிறுத்தை இல்லை, காற்று இல்லை. தண்ணீரில் அலைகூட இல்லை.

"யாரும் இல்லை, போகலாமா?" என்றது ஒரு குட்டி.

"கொஞ்சம் பொறு, நல்லாப் பார்த்துக்குவோம்" என்றது செவந்தி.

"நானும் பார்த்துட்டேன், குளத்துல யாரும் இல்லை" என்றது பின்னாலிருந்து ஒரு கனமான குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். ரத்தினவேலு அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வைஃபை அறுந்து படம் உறைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

முதலில் ஓடியது இருளப்பன். அதன் பின்னால் கூட்டம் முழுவதும் ஓடியது. செவந்தி குட்டியை முன்னால் தள்ளிவிட்டுத் திரும்புவதற்குள் ரத்தினவேலு வழியை மறித்துவிட்டது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் சொக்கலிங்கத்தின் முள். செவந்திக்குப் போக இடமில்லை. ரத்தினவேலு பின்னங்கால்களை மடக்கிப் பதுங்கியது. பல நாள் பட்டினி அதன் கண்ணில் தெரிந்தது.

பயத்தில் சொக்கலிங்கத்தின் விரல் திரையில் எங்கேயோ பட்டது. பழைய படம் ஒன்று பெரிதாக விரிந்தது.

ரத்தினவேலு பாயாமல் நின்றது. "இது யாரு?"

"நீங்கதாங்கய்யா."

"நானா?" ரத்தினவேலு கிட்டே வந்தது. குனிந்து தண்ணீர் குடிக்கிற படம். நாக்கு கோணலாகத் தொங்கியது. வயிறு தரையைத் தொட்டது. "எனக்கு இவ்வளவு தொப்பையா?"

"படம் எடுத்த கோணம் அப்படிங்கய்யா."

"இதை யாரெல்லாம் பார்த்தாங்க?"

"மான்கள் பார்த்தாங்க. அப்புறம் மந்திங்க."

"மந்திங்களா!" ரத்தினவேலு அப்படியே உட்கார்ந்துவிட்டது. மந்திகள் பார்த்தால் மலைக்கு அந்தப் பக்கம் வரை செய்தி போயிருக்கும். "அழிச்சிடு."

"போன்லேருந்து அழிச்சிடலாம். மந்திங்க மனசுலேருந்து எப்படிங்கய்யா அழிக்கிறது? இதைவிட நல்ல படம் ஒண்ணு எடுத்துக் காட்டினாத்தான் உண்டு."

தந்திரமாகச் சொன்னதா, தொழில் பேச்சா என்று சொக்கலிங்கத்துக்கே தெரியாது. ஆனால் ரத்தினவேலு யோசித்தது.

"நான் மான் மேல பாயற மாதிரி ஒண்ணு எடு. ஏய், நீ ஓடு, நான் பாயறேன். படம் வந்ததும் உன்னைச் சாப்பிட்டுக்கறேன்."

செவந்தி பாறையையும் முள்ளையும் ஒரு தடவை பார்த்தது. பிறகு சொன்னது: "சரிங்கய்யா. படம் நல்லா வரட்டும்."

மூவரும் குளத்தங்கரைக்கு இறங்கினார்கள். செவந்தி ஓடியது, ரத்தினவேலு பாய்ந்தது, சொக்கலிங்கம் வட்டத்தைத் தொட்டது. செவந்தி மயிரிழையில் விலகித் தப்பியது. ரத்தினவேலு அதைத் துரத்தாமல் படம் பார்க்க ஓடி வந்தது. படத்தில் வால் மட்டும் இருந்தது.

"மீதி நான் எங்கே?"

"கேமரா கொஞ்சம் லேட்டா கிளிக் பண்ணுங்கய்யா."

மறுபடி எடுத்தார்கள். இந்தத் தடவை சொக்கலிங்கம் முன்கூட்டியே தொட்டுவிட்டது. படத்தில் ரத்தினவேலு பாய்வதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

"உட்கார்ந்தா தொப்பை தெரியுதுடா!"

அடுத்ததில் கண் மூடியிருந்தது. அதற்கடுத்ததில் பாய்ச்சல் பிரமாதம், ஆனால் மேலே ஒரு கொக்கு குறுக்கே பறந்துவிட்டது. செவந்தி ஓடி ஓடி மூச்சு வாங்கியது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ரத்தினவேலு மானைப் பிடிப்பதைவிடப் படத்தைப் பார்ப்பதற்கே அவசரப்பட்டது.

"உனக்கு எடுக்கத் தெரியலை. கொடு இங்கே, நானே தொடறேன்" என்று ரத்தினவேலு போனைப் பிடுங்கியது. தொட்டது. 'கர்ரக்' என்று திரையில் கீறல் விழுந்தது.

"நகத்தை உள்ளே இழுத்துக்குங்கய்யா!" என்று சொக்கலிங்கம் பதறியது. "நகத்துக்கு அது கேக்காது. விரலோட மெத்து மெத்துன்னு இருக்கிற இடம் படணும்."

பிறந்ததிலிருந்து மானைப் பார்த்ததும் வெளியே வருகிற நகங்கள் அவை. ரத்தினவேலு மூச்சைப் பிடித்து அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தது. பிறகு திரையைப் பார்த்தது. திரையில் செவந்தி களைத்துப்போய் நின்றிருந்தது. சாயங்கால வெயில் அதன் முதுகுப் புள்ளிகளில் விழுந்து, பின்னால் தண்ணீர் தகதகவென்று மின்னியது. தொலைவில் கூட்டத்தின் சத்தம் கேட்டு அது தலையை நிமிர்த்தியது.

"ஏய், அப்படியே நில்லு. அசையாதே."

செவந்தி அசையவில்லை. சிறுத்தை அப்படிச் சொன்னால் யார் அசைவார்கள்? ரத்தினவேலு மெத்தென்று வட்டத்தைத் தொட்டது.

படம் வந்ததும் ரத்தினவேலு மூக்கு திரையில் படும்படி குனிந்து பார்த்தது. சொக்கலிங்கமும் எட்டிப் பார்த்தது. சொக்கலிங்கம் எடுத்த எந்தக் கல்யாணப் படமும் இதன் பக்கத்தில் நிற்காது.

"இது நான் எடுத்ததா?" என்று கேட்டது ரத்தினவேலு.

"நீங்க எடுத்ததுதாங்கய்யா."

"கழுத்தை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பியிருந்தா..." என்று முனகிய ரத்தினவேலு வானத்தைப் பார்த்தது. "சே, வெளிச்சம் போச்சு. நாளைக்குக் காலையில வந்துடு."

"வர்றேங்கய்யா" என்று சொல்லிவிட்டு, செவந்தி ஓடாமல் நடந்தே போனது. ஓடினால் ரத்தினவேலுவுக்குப் பசி ஞாபகம் வந்துவிடுமோ என்று பயம்.

கூட்டத்தில் செவந்திக்காக அழுதுகொண்டிருந்தார்கள். அது நடந்து வந்ததைப் பார்த்து ஆவி என்று நினைத்து மறுபடி ஓடினார்கள். நடந்ததைச் சொல்லி முடித்ததும் இருளப்பன் சீறியது. "நாளைக்குப் போகாதே. உனக்கென்ன பைத்தியமா?"

"போகலேன்னா அவன் நம்மளைத் தேடி வருவான்" என்றது செவந்தி. "போனா, வெளிச்சத்தைத் தேடிக்கிட்டு இருப்பான்."

காலையில் செவந்தி போனது. அன்று ரத்தினவேலுவுக்கு வெளிச்சம் அதிகம். அடுத்த நாள் மேகம். அதற்கடுத்த நாள் பின்னணி சரியில்லை, குட்டிகளையும் கூட்டி வரச் சொன்னது. குட்டிகள் வரிசையாக நின்றன. பிறகு கூட்டமே வந்து நின்றது. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு, அப்படியே தண்ணீரும் குடித்துவிட்டுப் போனார்கள்.

அந்த மழைக்காலத்துக்குள் காட்டிலேயே பெரிய போட்டோகிராபர் ரத்தினவேலுதான் என்றாகிவிட்டது. அதன் குரூப் போட்டோவில் யாரும் கண் சிமிட்ட மாட்டார்கள், யாரும் பக்கத்தில் இருப்பவரோடு பேச மாட்டார்கள். "சிரிங்க" என்றால் கடைசி வரிசை ஆமைகூடச் சிரிக்கும். முயல்கள் கல்யாணத் தேதியை வைப்பதற்கு முன்னால் ரத்தினவேலுவிடம் நாள் கேட்டார்கள். சொக்கலிங்கம் கூடவே உதவியாளராகச் சேர்ந்துகொண்டது. ஸ்டாண்டு தூக்குவது, வைஃபை இணைப்பது, எடுத்த படங்களைப் போனில் சரி செய்வது அதன் வேலை. சரி செய்வது என்றால் வேறொன்றுமில்லை. எல்லார் கண்ணிலும் தெரிகிற பயத்தைத் துடைத்துவிட வேண்டும்.

"உங்க வேலை எப்படிண்ணே போகுது?" என்று செவந்தி ஒருநாள் கேட்டது.

"துடைச்சு மாளலைம்மா" என்றது சொக்கலிங்கம்.

ரத்தினவேலு சைவமாகிவிட்டதா என்று சிலர் கேட்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. பசித்தால் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள காட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வரும். அங்குள்ள மான்களிடம் கேமரா இல்லை.

நீதி: உன்னைத் தின்ன வருபவன் கையில் கேமராவைக் கொடுத்துவிடு. "இதுதான் கடைசிப் படம்" என்று அவன் ஒருநாளும் திருப்திப்பட மாட்டான்.