தரைப்படையில சேர்ந்த எங்கட சிவலை

இண்டைக்கு எனக்கு ஒரேயொரு வேலைதான். வரைபடத்தில மூண்டு புள்ளி நகருறதைக் காட்டவேணும்.

கண்டாவளையில வீட்டில இருந்துகொண்டு வெளிநாட்டுக் கொம்பனி ஒண்டுக்கு மென்பொருள் எழுதுறன். ஒரு நாட்டின்ர தரைப்படை, கடற்படை, விமானப்படை மூண்டும் ஆளுக்கொரு சிஸ்டம் வைச்சிருக்கு. ஒண்டின்ர தகவல் மற்றதுக்கு விளங்காது. எல்லாத்தையும் ஒரே தளத்தில கதைக்க வைக்கிறதுதான் என்ர வேலை. இண்டைக்கு வாங்குற ஆக்களுக்குச் செய்துகாட்டவேணும். பிழைச்சால் வேலை போகும்.

சோதனைக்குப் படைக்கு எங்க போறது? படைக்குப் பதிலா, நிக்கிற இடத்தைக் காட்டுற மூண்டு பழைய போன் எடுத்தன். கடற்படை, மனுசி சுபாவின்ர ஸ்கூட்டி. விமானப்படை, மச்சான்ர உழவு மிசின். தரைப்படை, எங்கட சிவலைப் பசு. கழுத்தில போனைக் கட்டிவிட்டன்.

கணினியில கூட்டம் துவங்கினது. ஸ்கூட்டி ஓடுது, மிசின் ஓடுது. தரைப்படை அசையேல்லை.

"தரைப்படைத் தகவல் வரேல்லையே," எண்டார் வாங்குற பக்கத்துப் பெரியவர் திரையில.

தகவல் வருது, மாடு கட்டையில கட்டினபடி நிக்குது எண்டு சொல்லேலுமே? ஓடிப்போய்க் கயித்தை அவிட்டுவிட்டன். பயிர் நிக்கேக்க மாட்டை அவிட்டுவிடக் கூடாதெண்டு இந்த ஊரில எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

புள்ளி நகர்ந்தது. நேரா நவம் அண்ணையின்ர நெல்லுக்குள்ள.

பக்கத்து வளவு நவம் அண்ணையோட எல்லை வேலிப் பிரச்சினை. ஒரு வருசமாக் கதைபேச்சில்லை.

மறிக்க வழி தெரியாமல் மாட்டின்ர போனுக்கே அடிச்சன். மணிச்சத்தத்துக்கு வெருண்டு அது வயலின்ர நடுவுக்கு ஓடினது.

"நல்லா முன்னேறுது," எண்டார் பெரியவர்.

பிறகு மாட்டின்ர கழுத்துப் போனை ஆரோ எடுத்திட்டினம். என்ர போன் ஸ்பீக்கரில, கூட்டத்து மைக்கும் திறந்தபடி.

"ஆர் கதைக்கிறது? மாட்டைப் பிடிச்சுக் கட்டிப்போட்டன். சொந்தக்காரன் நேர வரட்டும்."

நவம் அண்ணைதான். என்ர வேலை போச்செண்டு நினைச்சன்.

"குரலும் இதே தளத்திலயோ வருது?" எண்டு கேட்டார் பெரியவர். "அவர் என்ன சொல்லுறார்?"

"தரைப்படை பிடிபட்டிட்டுதாம் சேர்."

"அச்சொட்டா உண்மை மாதிரியே இருக்கு," எண்டு ஒப்பந்தத்துக்கு ஓம் எண்டிட்டார்.

சுபா வந்ததும் வராததுமா, "மூண்டு படையையும் கதைக்க வைச்சிட்டன்," எண்டன்.

அவா வெறுங்கட்டையைப் பாத்தா. "நல்லது. இனி நவம் அண்ணையோட கதைச்சு மாட்டைக் கொண்டுவாங்கோ."

இதை அவற்ர வாசல் படலையில நிண்டுதான் எழுதுறன். என்னெண்டு கதையைத் துவங்கிறதெண்டு தெரிஞ்ச ஆக்கள் கெதியாச் சொல்லுங்கோ, பால் கறக்கிற நேரமாகுது.