மாடி வீடு, ஓ குரூப்புக்கு மட்டும்

ஊரப்பாக்கம்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் எட்மண்ட் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் ஜோசலினும் பிள்ளை ஜெனியும் சுகம். முதலூரில் நீங்களும் அக்காவும் சுகமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறோம். சுகம் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேனே தவிர, அந்த வார்த்தையை இந்த வீட்டில் சத்தமாகச் சொல்ல இப்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது. காரணத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். எனக்கோ படிக்கட்டில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும், படிக்கட்டுக்கு நேர் கீழே ஹவுஸ் ஓனரின் ஜன்னல் இருக்கிறது.

அடுத்த மாதம் இருதயப் பரிசோதனைக்காகத் தாம்பரத்துக்கு வந்து எங்களோடு தங்கப்போவதாக அக்கா சொன்னாள். மிகவும் சந்தோஷம், உங்கள் வீடு போல நினைத்து வாருங்கள். ஒரே ஒரு சின்ன வேண்டுகோள். வாசலில் ஹவுஸ் ஓனர் உங்களைப் பார்த்தால் முதலில் வணக்கம் சொல்வார், அடுத்து காபி சாப்பிட்டீர்களா என்பார், அதற்கடுத்து உங்கள் ரத்தம் என்ன குரூப் என்பார். யோசிக்காமல் ஓ பாசிட்டிவ் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் பி குரூப் என்று எனக்குத் தெரியும். உபதேசியார் மகனான உங்களைப் பொய் சொல்லச் சொல்கிறேனே என்று கூச்சமாகத்தான் இருக்கிறது. முழுக்கதையையும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

ஓனர் லக்ஷ்மிநாராயணன் சார் டெலிபோன் ஆபீசில் இருந்து ரிடையர் ஆனவர், தங்கமான மனுஷன். நாங்கள் வீடு தேடிய காலத்தில் பல்லாவரத்தில் ஆரம்பித்து ஜி.எஸ்.டி. ரோடு நெடுக ஏறி இறங்கினோம். சிலர் கறி மீன் சமைப்பீர்களா என்றார்கள், சிலர் சொந்த ஊரில் எந்தத் தெரு என்று சுற்றி வளைத்தார்கள், ஒருவர் ஜெபக்கூட்டம் வைத்தால் கைதட்டுவீர்களா என்று கேட்டார். இவர் ஒன்றுமே கேட்கவில்லை. தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்தார். கீழே அவரும் அவர் சம்சாரம் ஜோதிலட்சுமி அம்மாவும், மாடியில் முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் சவுரிமுத்து என்று ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆன ஒருவர், தனிக்கட்டை. போன ஆடி மாதம் ஒரு காலையில், நானும் ஜோசலினும் வேலைக்குப் போன பிறகு, சவுரிமுத்து சார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஓனரும் தண்ணீர் கேன் போட வந்த ஆளும் அவரை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். எங்கள் படிக்கட்டை நீங்கள் பார்த்ததில்லை. ஒருவர் இறங்கினால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், நடுவில் ஒரு திருப்பம் வேறு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் மனுஷன் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஓனரோடு ஏரிக்கரையில் வாக்கிங் போகிற யாரோ ஒரு புண்ணியவான் அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். ஓ குரூப்காரர்களைவிட மற்ற குரூப்காரர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு கூடுதலாம், அதிலும் ஏபி-க்கு எல்லாரையும்விடக் கூடுதலாம், அது போதாதென்று வயதானால் ஏபி-க்கு மறதியும் வருமாம். ஏ-வுக்கு வயிற்றில் கட்டி, பி-க்குச் சர்க்கரை, ஓ-வுக்கு வயிற்றுப்புண் என்று யாரையும் விட்டுவைக்காமல் பந்தி பரிமாறியிருந்தார்கள். (உங்களுக்குச் சர்க்கரை வந்தது பி குரூப்பால் அல்ல, மஸ்கோத் அல்வாவால்தான் என்று அக்கா சொல்கிறாள். அந்தச் சண்டையில் நான் தலையிடவில்லை.) சவுரிமுத்து சார் ஏ குரூப். அவ்வளவுதான், கேட்டில் தொங்கிய ‘வீடு வாடகைக்கு’ அட்டையில் ‘ஓ குரூப் மட்டும்’ என்று ஒரு வரி சேர்ந்துகொண்டது. வீட்டு புரோக்கர் லோகு என்னைத் தெருமுனையில் நிறுத்திப் புலம்பினார்.

“சார், வெஜ்ஜு மட்டும்னு கேப்பாங்கோ, பேமிலி மட்டும்னு கேப்பாங்கோ, எல்லாம் பாத்தாச்சு. இதுக்கு நான் இன்னா பண்றது, ஊசி எடுத்துக்கினு சுத்துறதா?”

கடைசியில் ஜெயவேலு என்று ஒரு ஓ குரூப்காரர் கிடைத்தார். வந்து இரண்டாவது வாரமே அவருக்கு வயிற்றுப்புண் வலி வந்து, தெருவுக்கே கேட்கும்படி முனகினார். வாட்ஸ்அப் சொன்னபடியே நடந்துவிட்டதே என்று ஓனரிடம் சொன்னேன். அவர் கலங்கவே இல்லை. வயிற்றுப்புண்காரன் தானே நடந்து இறங்கிடுவான் சார் என்றார். ஜெயவேலுவும் அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து இறங்கி ஆட்டோ ஏறினார்.

இதையெல்லாம் நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன் அத்தான், எனக்கு வரும் என்று நினைக்கவில்லை. பொங்கல் கழிந்து அக்ரிமென்ட் புதுப்பிக்கப் போனபோது, உங்க குரூப் என்ன சார் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். காலேஜில் ரத்ததான முகாம் நடந்தபோது, இது எல்லாருக்கும் அமையாது தம்பி என்று சொல்லி என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். எனக்கென்று அபூர்வமாக இருப்பது அது ஒன்றுதான், வேறு எதிலும் நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. நெஞ்சை நிமிர்த்தி, ஏபி பாசிட்டிவ் சார் என்றேன். ஓனர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பிப்ரவரியோடு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள், என்னைத் தப்பாக நினைக்காதீர்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார். மார்ச்சில் ஜெனிக்குப் பிளஸ் டூ பரீட்சை. பிள்ளை புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள், அந்த நேரத்தில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? ஜோசலின் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஓ என்று சொன்னால் வாயில் இருக்கிற முத்தா உதிர்ந்துவிடும் என்றாள்.

முதலில் ஒரு லேபுக்குப் போய் மறுபடி ரத்தம் கொடுத்தேன். வயது ஆக ஆகக் குரூப் மாறுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். மாறாது சார், வேணும்னா சுகர் பாக்கட்டுமா என்றது. பார்த்தது. அது பார்டரில் நிற்கிறதாம். இது ஜோசலினுக்குத் தெரியாது, அக்காவிடமும் சொல்ல வேண்டாம்.

பிறகு, படித்தவர் சொன்னால் கேட்பார் என்று ஓனரைப் பல்லாவரத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஆராய்ச்சிகளில் அப்படி ஒரு வித்தியாசம் தெரிவது உண்மைதான், ஆனால் அது சின்ன வித்தியாசம், சர்க்கரை, பிரஷர், சிகரெட், உட்கார்ந்தே இருப்பது இவையெல்லாம்தான் ஆளைத் தூக்குகிற விஷயம், ரத்தத்தை மாற்ற முடியாது, தொப்பையைக் குறைக்கலாம் என்று சொல்லி என் பக்கம் திரும்பினார். ஓனர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சின்னதோ பெருசோ டாக்டர், தூக்குறது நான்தானே” என்றார். வந்தது வந்தீர்கள், பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் பட்டையை எடுத்தார். எனக்கு எதுக்கு டாக்டர், நான் ஓ குரூப் என்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

சரி, வாயால் சொல்லி எடுபடாது, என் உடம்பு எப்படிப்பட்டது என்று செய்து காட்டிவிடுவோம் என்று தீர்மானித்தேன். சனிக்கிழமை கேஸ் சிலிண்டர் வந்தது. ஓனர் கீழே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நல்ல சமயம் என்று, வேண்டாம் சார் வேண்டாம் சார் என்ற டெலிவரி ஆளைத் தள்ளிவிட்டு, சிலிண்டரை நானே தோளில் ஏற்றிக்கொண்டு சிரித்த முகமாகப் படியேறினேன். திருப்பம் வரைக்கும் சிரிப்பு இருந்தது. அங்கே சிலிண்டர் சுவருக்கும் எனக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எப்படியோ அதைப் படியில் இறக்கிவைத்துவிட்டு, கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததால் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு ஓனர் ஓடிவந்தார். இரண்டு படி ஏறி அதற்கு மேல் வர முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அங்க உக்காராதீங்க சார். எழுந்திருங்க.”

ஒன்றுமில்லை சார், மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான் என்றேன்.

“அவரும் இதே எடத்துலதான் சார் என் கையைப் புடிச்சாரு. நாற்காலி திரும்பல. எந்தப் பக்கம் சாய்க்கிறதுன்னு தெரியாம நான் நின்னுட்டேன். அப்ப அவருக்கு நெனவு இருந்துச்சு, என்னையே பாத்துட்டிருந்தாரு. இன்னொருத்தரை இந்தப் படியில தூக்கிட்டு எறங்க என்னால முடியாது சார்.”

அவர் கண் கலங்கிவிட்டது. மனுஷன் இத்தனை மாதமாக அந்தப் படியில்தான் நின்றுகொண்டிருக்கிறார், நான் வாட்ஸ்அப்பைப் பழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது. வீட்டைக் காலி பண்ண வேண்டியது மட்டும் போகவில்லை. சிலிண்டரை டெலிவரி ஆள்தான் மேலே கொண்டுபோனான், ஒரு கையால்.

இதுதான் நிலவரம். இந்த நேரத்தில் நீங்கள் வந்து பி என்றும், இருதயத்தைக் காட்ட வந்தேன் என்றும் சொன்னால், பிப்ரவரி முடியும் வரைக்கும்கூட வைத்திருக்கமாட்டார். ஆகவே குரூப் ஓ, வந்திருப்பது கண் பரிசோதனைக்கு. படியேறும்போது மூச்சு வாங்கினால், நின்று காம்பவுண்டில் இருக்கும் கொய்யா மரத்தைப் பார்ப்பது போலப் பாவனை செய்யுங்கள். அக்காவுக்கு எங்கள் அன்பு. உங்கள் இருதயத்தில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லக் கேட்கும் நாளைக் கர்த்தர் கட்டளையிடுவாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
எட்மண்ட்

பி.கு.: அத்தான், மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். கடிதத்தை ஒட்டிக் கூரியருக்குக் கிளம்பும்போது ஓனர் மாடிக்கு வந்தார், திரும்பப் பிரித்து எழுதுகிறேன். நாங்கள் காலி பண்ண வேண்டாமாம். ரிஸ்க் இருக்கிறவர்கள் ஆம்புலன்ஸ் வாசலுக்கே வருகிற மாதிரி கீழேதான் இருக்க வேண்டுமாம், அதனால் வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாங்கள் கீழே, அவர்கள் மேலே. “நாங்க ரெண்டு பேரும் ஓ குரூப் சார், எங்களுக்கு ஒண்ணும் ஆகாது” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜெனி நிம்மதியாகப் படிக்கலாம். நீங்களும் படியேற வேண்டியதில்லை, முன்னறையிலேயே படுத்துக்கொள்ளலாம், பி குரூப் என்றும் இருதயம் என்றும் தாராளமாகச் சொல்லலாம்.

அவர் இறங்கிப் போன பிறகு ஜோதிலட்சுமி அம்மா வந்து ஜோசலினைச் சமையலறைக்குள் அழைத்துப்போனார்கள். நான் கூடத்தில் இருந்ததால் காதில் விழுந்தது. “நானும் ஏபிதான் ஜோசலின். பிரசவத்தப்பவே சொல்லிட்டாங்க. சவுரிமுத்து சாரை அடக்கம் பண்ணிட்டு வந்து உக்காந்தவரு, நீ என்ன குரூப்னு கேட்டாரு. அவர் மூஞ்சியைப் பாத்துட்டு ஓன்னு சொல்லிட்டேன். மனுஷன் தூங்கணுமில்ல.”

ஆகையால் உங்கள் குரூப்பை மறைக்க வேண்டாம், அந்த அம்மாவுடையதைப் பற்றி மட்டும் வாய் திறக்காதீர்கள். மாடியில் பின்பக்கம் இருக்கிற ஜெயவேலுவிடம் காரணத்தைச் சொல்லாமல், ஒரு கை கொடுங்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு ஓனர் வாக்கிங் போனதும் நானும் அவருமாக ஜெனியை நாற்காலியில் உட்காரவைத்து, அந்தத் திருப்பத்தில் தூக்கி இறக்கிப் பழகப்போகிறோம். எந்தப் பக்கம் சாய்த்தால் நாற்காலி திரும்பும் என்று இந்த வீட்டில் ஒருத்தருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.