எட்டு மடங்கு போதும், மகனே

மாத்தர்,
ஜனவரி 19

அன்பு மகன் ஸுஹைருக்கு,

உன் வீட்டில் அமைதியும் அடுப்பில் சூடும் குறையாமல் இருக்க வேண்டி அப்பா எழுதுவது. என் முழங்கால் சுகம். ரத்த அழுத்தம் சுகம். மாண்ட்ரியலிலிருந்து நீ அனுப்பிய பைனாகுலர்தான் சுகமில்லை.

அப்பாவுக்கு இருப்பதிலேயே பெரியது என்று தேடி வாங்கியிருக்கிறாய். இருபது மடங்கு காட்டும், முகப்புக் கண்ணாடி எண்பது மில்லிமீட்டர், எடை இரண்டு கிலோ. உன் அம்மா போனபின் ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரியாமல்தான் இஷ்கல் ஏரியில் பறவை எண்ணுகிறவர்களோடு சேர்ந்தேன். போன ஞாயிறு இதை மாட்டிக்கொண்டு போனேன். வேனிலிருந்து இறங்குவதற்குள் வார் கழுத்தை அறுத்துவிட்டது. தூக்கிப் பார்த்தால் ஏரி முழுக்க நிலநடுக்கம். மூக்குக்கண்ணாடியோடு பார்த்தால் சாவித் துவாரம் வழியே பார்ப்பதுபோல இருக்கிறது, கழற்றிவிட்டுப் பார்த்தால் கழற்றிய கண்ணாடி எங்கேயென்று தெரியவில்லை. ஒரு பூநாரையை எண்ணி அடுத்ததற்குத் திரும்பினால் முதலாவது எதுவென்று மறந்துபோகிறது. இப்படி இருபத்துமூன்று பூநாரைகள் என் பட்டியலில் எழுபத்தொன்றாயின. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாமென்று நகர்ந்ததில் கால் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். ஓர் எருமை வந்து என்னை உற்றுப் பார்த்தது. அதற்குப் பைனாகுலர் தேவைப்படவில்லை.

எங்கள் குழுத் தலைவி ரதியா, ஓய்வுபெற்ற நர்ஸ், கைகொடுத்துத் தூக்கினார்.

"அண்ணே, உங்க பட்டியலப் பாத்தா நாட்டுல இருக்கிற பூநாரை பூரா இங்கதான் நிக்குது போல."

"நல்லாப் பெருசாக் காட்டுதும்மா, அதான்."

"உங்க கை நடுக்கத்தையும் சேத்துல்ல இருபது மடங்கு காட்டுது. கையில பிடிச்சுப் பாக்க எட்டு போதும். முகப்பு முப்பத்திரண்டு. மங்கின வெளிச்சத்துக்கு நாப்பத்திரண்டு நல்லது, ஆனா உங்க கழுத்து தாங்காது. இந்தாங்க, என்னோடதுல பாருங்க, கண்ணாடியக் கழட்டாதீங்க, இந்த ரப்பர் வளையத்த உள்ள திருகிட்டுப் பாருங்க."

பார்த்தேன். அன்று காலை உன்னுடையதில் ஒரு வாத்து தன்னந்தனியாக நிற்பதைக் கண்டு, எண்ணுவதை விட்டுவிட்டு அரைமணி நேரம் அதற்குத் துணையாக நின்றிருந்தேன். ரதியாவுடையதில் அதைச் சுற்றி நானூறு வாத்துகள். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் ரொட்டியில் ஹரிஸ்ஸா மிளகாய் விழுதைத் தடவிப் பாதியை நீட்டினார். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிட்டு அதற்குள் மூன்று வாரமாகியிருந்தது.

ஆகவே இதைத் திருப்பி அனுப்புகிறேன். எட்டு மடங்கு, முப்பத்திரண்டாக மாற்றி அனுப்பு.

உனக்கும் மருமகளுக்கும் இறைவன் நீண்ட ஆயுளையும் குறைந்த பனியையும் தரட்டும்.

உன் அப்பா,
தீஜானி

பி.கு.: மாற்ற வேண்டாம். ரதியா தன் பழைய சின்ன பைனாகுலரைக் கொடுத்துவிட்டார். உன்னுடையதைச் சமையலறை ஜன்னல் விளிம்பில் வைத்துப் பார்த்தேன், கொஞ்சமும் ஆடவில்லை. தலைநகர் தூனிஸிலிருந்து வரும் பஸ் நிற்கும் தெருமுனை வரை தெரிகிறது, இறங்குகிறவர்களின் முகம்கூட. நேற்று நாலு மணி பஸ்ஸில் பதினொரு பேர். நீ வந்தால் விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில்தான் வருவாய், தெரியும். இருந்தாலும் அது அங்கேயே இருக்கட்டும்.