தங்கள் சிவப்பு வண்டிக்குப் பிரேக் கிடைத்த விவரம்

சிவன்மலை ஆண்டவர் துணை

அவிநாசிபாளையம்,
மார்கழி, செவ்வாய்க்கிழமை.

மெல்போர்னில் குடியிருக்கும் மரியாதைக்குரிய மச்சான் தனபால் அவர்களுக்கு, தங்கள் தங்கை சித்ரகலாவின் வீட்டுக்காரன் மருதாசலம் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் முருகன் புண்ணியத்தில் நலம். அங்கு தாங்களும் அக்காவும், இப்போது வெயிலோ குளிரோ (உங்கள் ஊரில் எந்த மாதம் எது அடிக்கிறது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை), எதுவானாலும் உடம்பைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று சிவன்மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

வாட்ஸ்அப் இருக்க இவன் எதற்குக் காகிதத்தில் எழுதிக் கூரியரில் அனுப்புகிறான் என்று நினைப்பீர்கள். என் போனை உங்கள் தங்கை எடுத்துப் பார்ப்பாள். பாஸ்வேர்டு போடலாமென்றால், அது மறந்துபோனால் அவளிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தில் அவளைப் பற்றி நல்ல வார்த்தை நாலு வருகிறது. அதை அவள் படித்துவிட்டால் அப்புறம் நான் இந்த வீட்டில் நிமிர்ந்து நடந்த மாதிரிதான்.

விஷயம் தங்கள் சிவப்பு வண்டி. ஜப்பான்காரன் செய்த, ரெண்டே கதவும் ரெண்டே சீட்டும் உள்ள, உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் தேவைப்படுகிற அந்த ஸ்போர்ட்ஸ் காரைத் தாங்கள் ஆஸ்திரேலியா கிளம்பியபோது, "ஒரு வருசம் உங்க குடோன்ல நிக்கட்டுங் மாப்ள" என்று சொல்லி விட்டுப்போனீர்கள். மரியாதைக்காக அந்த ஒரு வருசம் எப்போது முடியும் என்று நான் இதுவரை கேட்கவில்லை. பனியன் பெட்டி ஒரு லோடு அடுக்குகிற இடத்தை அது பிடித்துக்கொண்டு நிற்க, என் பெட்டிகள் மழைக்குத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. ஆகவே போன ஐப்பசியில் தாங்கள் போனில், கோயமுத்தூரில் தரணீதரன் என்று ஒருவர் பழைய வண்டிகள் சேர்ப்பவர், இந்த வண்டியைக் கேட்கிறார், ஆனால் பிரேக் சரியாகப் பிடித்து ஓடினால்தான் எடுப்பார் என்றும், "பிரேக் கிடைக்கலீன்னா அவரு வேண்டாம்னுருவாரு, அப்புறம் அது உங்ககிட்டயே கெடக்கட்டும், நான் கேக்கவே மாட்டேன்" என்றும் சொன்னபோது, மச்சான், இடம் காலியாகும் என்று நான் மனதுக்குள் குதித்தேன். தங்கள் தங்கை பக்கத்தில்தான் நின்றாள். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டாள். கேட்டுவிட்டுப் போய்க் குடோனைத் திறந்து, வண்டியின் மேல் கிடந்த துணியை எடுத்து உதறினாள்.

அவள் வண்டி ஓட்டப் பழகியது இதில்தான் என்பதும், கற்றுக்கொடுத்தது தாங்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. நான் பெண் பார்க்க வந்த அன்று உங்கள் வாசலில் சூடு ஆறாமல் நின்ற இந்த வண்டியைத் தாங்கள் ஓட்டிவந்தது என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நடந்தேன். ஓட்டிவந்தவள் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு காப்பி கொண்டுவந்தாள் என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. "அம்மிணி, உனக்கு வேணும்னா உங்கண்ணன்கிட்டக் கேக்க வேண்டியதுதானே" என்றேன். "கேட்டாக் குடுத்துருவாருங்க. அதனாலதான் கேக்கல" என்றாள். அண்ணன் தங்கைக்குள் இப்படி ஒரு ரோசம் எனக்குப் புரியாததால், நான் மெக்கானிக்கைக் கூட்டிவரப் போனேன்.

மெக்கானிக் நம் டேனியல். பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் பட்டறை வைத்திருக்கிறார். முன் சக்கரம் ரெண்டையும் கழற்றிப் பார்த்து, சர்ச்சில் துக்கச் செய்தி வாசிக்கிற குரலில் சொன்னார். "காலிப்பரு ரெண்டும் போயிருச்சுங்க." காலிப்பர் என்றால், சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்துகிற பிடி. துருப்பிடித்துக் கல்லாகிவிட்டது. "தட்டு நல்லாருக்குதுங்க, கடைஞ்சாப் போதும். ஆனா இந்தக் காலிப்பரு ஜப்பான்லயே இல்லீங்க. வண்டிய இப்படியே வெச்சு மாலை போடலாம், ஓட்ட முடியாதுங்க." தாங்கள் அங்கே விசாரித்தும் அதே பதில்தான் வந்தது. நானும் கைகழுவிவிட்டேன். தங்கள் தங்கை மட்டும் விடவில்லை.

அவள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் என்பது தெரியும், ஆனால் அந்த வேலை என்னவென்று தாங்கள் நேரில் பார்த்ததில்லை. ஜெர்மனிக்காரன் ஒரு பட்டன் கேட்பான். அந்தப் பட்டனை எவனும் இப்போது செய்வதில்லை என்று பதில் வரும். கப்பல் காத்திருக்கும். இவள் ஊரையே சலித்து அதே கனம், அதே ஓட்டை, அதே பளபளப்பில் வேறொரு பட்டனைக் கண்டுபிடித்து, அவன் வாயாலேயே சரி என்று சொல்ல வைத்துவிடுவாள். அவள் டேனியலிடம் சொன்னாள்: "சட்டை தைக்கறவங்க நூறு பேரு, பட்டன் செய்யறவங்க நாலு பேருதானுங்க. வண்டியும் அப்படித்தான் இருக்கும். இதே காலிப்பர வேற பேருல வேற ஏதோ வண்டிக்குப் போட்டிருப்பாங்க. அளவெடுத்தாக் கெடைக்கும்." டேனியல் தலையைச் சொறிந்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது மச்சான். காட்டிக்கொள்ளவில்லை.

அளவெடுத்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வயசு முழுக்கக் கட்டிங் மாஸ்டராக இருந்தவன் நான், வேறு யாரிடம் வரும். கழற்றிய காலிப்பரைப் பேட்டர்ன் அட்டையில் வைத்து, போல்ட் ஓட்டை உட்பட வரைந்து, கணக்குப் போட்டு, கத்தரித்து, பழக்கத்தில் துணியின் நூலோட்டத்துக்கு ஒரு அம்புக்குறியும் போட்டு, "முன்பக்கம், ரெண்டு பீஸ்" என்று எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அந்த அட்டை அவள் ஹேண்ட்பேக்கை விட்டு இறங்கவில்லை. பொங்கலூர் பஞ்சர் கடையில் எந்த வண்டி சக்கரம் கழற்றி நின்றாலும் இறங்கிப்போய் அட்டையை வைத்துப் பார்ப்பாள். கோயமுத்தூரில் பழைய சாமான் கடைகளில் இரும்புக் குவியலில் ஏறி நின்று பார்த்தாள். பல்லடத்தில் ஒரு கல்யாணம், பந்தியில் உட்கார்ந்து பாதிச் சாப்பாடு, ஜன்னல் வழியாக வெளியே யாரோ ஜாக்கி போடுவது தெரிந்தது, இலையில் பாயசம் விழுவதற்குள் எழுந்து ஓடிவிட்டாள். நான் கை கழுவிவிட்டுப் போய்ப் பார்த்தால், பட்டுச்சேலையோடு மண்ணில் மண்டியிட்டு அட்டை பிடித்துக்கொண்டிருக்கிறாள், வண்டிக்காரர் ஆர்.டி.ஓ. ஆபீசில் இருந்து வந்த அம்மா என்று நினைத்து லைசென்ஸை நீட்டிக்கொண்டு நிற்கிறார். என் யூனிட்டில் வேலை செய்கிற பீகார் பையன்கள்கூட "மேடம், வோ தேக்கோ" என்று ரோட்டில் போகிற வண்டியையெல்லாம் காட்டிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒன்றும் பொருந்தவில்லை. எல்லாமே கொஞ்சம் சின்னது. கார்த்திகை முடிகிற சமயம் ஒருநாள் பட்டறையில் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவள், "ஏனுங்க, எல்லாமே ஒரே மாதிரிக் குறையுதுங்க. அத்தனை கம்பெனியும் பேசிவெச்சுக்கிட்டா சின்னதாச் செய்வாங்க?" என்றாள். அப்புறம் அட்டையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இந்த அட்டை வெட்டும்போது ஷ்ரிங்கேஜ் விட்டீங்களா?"

"பின்னே விடாம? நீளத்துல அஞ்சு, அகலத்துல மூணு பர்சென்ட் விட்டிருக்கேன் அம்மிணி" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. பனியன் துணி துவைத்தால் சுருங்கும் என்று கூட்டி வெட்டுவது நம் தொழிலில் பால்குடியிலேயே வருவது. என் கை அதைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை.

"இரும்புங்க அது" என்றாள்.

வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்த டேனியல் சிரித்த சிரிப்பில் ஸ்பேனர் அவர் நெஞ்சின் மேலேயே விழுந்தது. கல்லைத் தூக்கித் தலையில் போட்டுக்கொள்ளலாமா என்று இருந்தது எனக்கு. இவ்வளவு நாள், இவ்வளவு அலைச்சல், பாயசம் வேறு போயிற்று. வேறொருத்தியாக இருந்தால் என்னை அங்கேயே உரித்திருப்பாள். தங்கள் தங்கை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க, சுத்தியும் தையலுக்கு ஓரம் விடாம விட்டீங்களே" என்று சொன்னாள். சொல்லிவிட்டுக் கத்தரியை அவளே எடுத்துக்கொண்டாள்.

புது அட்டையோடு மறுபடி முதலில் இருந்து ஊர் சுற்ற வேண்டுமே என்று நான் மலைத்துக்கொண்டு குடோன் கதவைத் திறக்கிறேன், நம் பழைய வேன், காலையில் ஆட்களை ஏற்றி வருமே அது, க்ரீஸ் போடுவதற்காக முன் சக்கரம் கழற்றி நிற்கிறது. தங்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே, தோளோடு தோள் உரசிக்கொண்டு. இவள் போகிற போக்கில் குனிந்து அட்டையை வைத்தாள். ஓட்டைக்கு ஓட்டை உட்கார்ந்தது மச்சான்! டேனியலைக் கூப்பிட்டோம். அவர் வைத்துப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார். "ஹோஸ் பைப்பு முனை மட்டும் மாறுதுங்க, அதையும் இதோடதே போட்டுக்கலாம்" என்றார். அந்த வேன் காலிப்பர் எந்தக் கடையில் கேட்டாலும் தேங்காய் மாதிரிக் குவித்து வைத்திருக்கிறார்கள். ஜப்பானிலேயே இல்லாத சாமான் வருசக்கணக்காக என் குடோனுக்குள் ஆளேற்றிக்கொண்டு வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மாட்டுவதற்கு முன்னால் புதுக் காலிப்பருக்கு ஒரு டேக் கட்டி, "அப்ரூவ்டு" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாள். அதை அவிழ்க்காமல் மாட்ட முடியாது என்று டேனியல் கெஞ்ச வேண்டியிருந்தது. அப்புறம் பைப்பில் இருந்து காற்று எடுக்க வேண்டுமென்று என்னை உள்ளே உட்கார வைத்து, "மிதீங்க... புடிச்சுக்குங்க... உடுங்க... ஏனுங்க, நான் சொல்லாம ஏனுங்க உட்டீங்க" என்று மத்தியானம் பூராவும் வாங்கு வாங்கென்று வாங்கினார்கள் ரெண்டு பேரும். வலது கால் இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்தோம். டேனியல் ஓட்ட மாட்டேன் என்றுவிட்டார். தங்கள் தங்கை உட்கார்ந்தாள், பக்கத்தில் நான், மடியில் ஒரு தலையணையோடு. தாராபுரம் ரோடு. அவள் கியர் மாற்றுகிற விதத்தை என்னவென்று எழுதுவேன் மச்சான், சமையலறையில் டப்பா எடுப்பது போல அவ்வளவு சாதாரணம். எனக்குத் தெரிந்த மனுசியே இல்லை அவள். காற்றாலைக் காத்தாடிகளுக்கு நடுவே போகிறோம், வலது பக்கம் சோளக்காட்டில் இருந்து ஒரு ஆண் மயில், தோகையை இழுத்துக்கொண்டு, ரோடு தன் பாட்டன் சொத்து மாதிரி இறங்குகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு முருகா என்றேன். வண்டி நின்றது. கண்ணைத் திறந்தால் மயில் ஒரு முழம் முன்னால் நின்று எங்களைப் பார்க்கிறது. அப்புறம் அதன் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிற்று.

"நிக்குதுங்க" என்றாள். ரெண்டு கையும் ஸ்டீரிங்கில் இருந்தது. சிரித்தாள். பிறகு துப்பட்டாவால் ஸ்டீரிங்கைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "இனி அண்ணன் தைரியமாக் குடுக்கலாம். வாங்கறவங்க பத்திரமாப் போவாங்க" என்றாள். விற்றுவிடப் போகிற வண்டிக்கு இவ்வளவு பாடுபட்டது அதற்காகத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலையணையை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தேன் மச்சான்.

ஆகவே, பிரேக் உத்தமமாகப் பிடிக்கிறது என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். தாங்கள் தையில் வரும்போது தரணீதரன் அவர்களை வரச்சொல்லி வண்டியைக் கொடுத்துவிடலாம். என் பெட்டிகளுக்கும் இடம் கிடைத்துவிடும். அக்காவுக்கு என் கும்பிடு. பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். குடும்பத்தோடு வந்து ஒரு வாரமாவது எங்கள் வீட்டில் தங்கிப்போக வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையைக் கட்டிய பாக்கியவான்,
மருதாசலம்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குடோனில் அவள் வண்டிக்குத் துணி போர்த்திக்கொண்டிருக்கிறாள். நாலு மூலையும் சரியாக இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றி வருகிறாள். ஆகையால் மேலே எழுதியது எதையும் தாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். கிழித்துவிட்டு வேறு எழுதலாமென்றால் கை வலிக்கிறது. பிரேக் கிடைக்கவில்லை மச்சான். ஜப்பானிலேயே இல்லை. டேனியலைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவார், பேசிவிட்டேன். தரணீதரன் அவர்களிடம் பிரேக் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். தங்கள் தங்கையிடம் தரணீதரன் வேண்டாமென்றுவிட்டார் என்று சொல்லிவிடுங்கள், உனக்குக் கொடுத்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பெட்டிகளுக்குப் புதுத் தார்ப்பாய் வாங்கியாயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை மடத்துக்குளம் வரைக்கும் போய்வரலாமென்று இருக்கிறோம், அவள்தான் ஓட்டுகிறாள். கவலைப்பட வேண்டாம், கிடைக்காத பிரேக் நன்றாகவே பிடிக்கிறது.