ஜம்புவுக்கு சவுத் கிடைத்த கதை

டெல்லியில் திசைகளுக்கென்று ஓர் இயக்ககம் உண்டு. அது இருப்பது அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் தெரியும். பெயர்ப் பலகையில் உள்ள எந்த ஆங்கிலச் சொல்லும் வேர் தெரியாமல் தொங்கக் கூடாது என்பது இந்த வருஷத்து மோஸ்தர். ஆகவே நான்கு திசைச் சொற்களையும் ஆராய்ந்து, அவற்றின் பொருள்படி நடக்குமாறு மேலிடம் ஆணையிட்டது.

அந்த வேலை மயூர் விஹாரில் குடியிருந்த ஜம்புவின் தலையில் விழுந்தது. பாவம், அவன் கவலை வேறு. மனைவி இளவரசியும் கைக்குழந்தையும் தாம்பரத்தில். சென்னைக் கிளையை மனதில் வைத்து “சவுத்துக்கு மாற்றல்” கேட்டிருந்தான். இயக்குநர் சேஷன் மனம் குளிர்ந்தால் கையெழுத்து விழும். அவரும் நங்கநல்லூரில் வீடு கட்டிவிட்டு, அடுத்த சித்திரையில் சென்னைக்குக் கிளம்பக் காத்திருப்பவர்தான்.

ஜம்பு எழுதிக் கொடுத்தான். ஈஸ்ட் என்றால் விடியல். வெஸ்ட், அந்திப்பொழுது. நார்த், உதயசூரியனைப் பார்த்து நிற்பவனின் இடப்பக்கம் என்பது பலர் கருத்து. சவுத், சூரியன் இருக்கும் பக்கம்.

“அச்சா, பிரமாதம்,” என்றார் சேஷன்.

மறுநாள் முதல் ஈஸ்ட் பிரிவு காலை ஐந்து மணிக்கு வந்தது, வெஸ்ட் பிரிவு சாயங்காலம் வந்தது. இரண்டும் சந்திக்காததால் கோப்புகள் நிம்மதியாகத் தூங்கின. நார்த் பிரிவினர் தினமும் கிழக்கே பார்த்து நின்று, இடது கை இருப்பதாகக் கையெழுத்திட்டார்கள்.

ஜம்புவின் மேஜை மொட்டைமாடிக்குப் போனது.

“சார், நான் கேட்டது சென்னை.”

“நீங்க கேட்டது சவுத். சவுத்னா சூரியன் இருக்கற பக்கம்னு எழுதினது யாரு?”

“நான்தான் சார்.”

“பின்னே? மாடியைவிட எங்கே இருக்கு சூரியன்?”

மே மாத வெயிலில் ஜம்பு வெந்தான். குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டதாக இளவரசி போனில் சொன்னபோது அழுகையே வந்துவிட்டது.

டிசம்பர் வந்தது. டெல்லி விறைத்தது. வெயில் காய்ந்தபடி வேர்க்கடலை கொறிக்க, இயக்ககமே சவுத்துக்கு மாற்றல் கேட்டது. முதல் ஆர்டர் சேஷனுக்கு. இடம் போதாமல் ஜம்புவைக் கீழே அனுப்பினார்கள்.

“இப்பவாவது சென்னைக்கு அனுப்புங்க சார்.”

சேஷன் ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னார்: “ஒரு தடவை சவுத்ல இருந்தவாளுக்கு அஞ்சு வருஷம் மறுபடி சவுத் கிடையாது. ரூல் இருக்கு.”

“நீங்க மாடிக்கு வந்து இன்னிக்குப் பதினோராம் நாள் சார். நான்தான் சவுத்னு ரிஜிஸ்டர்ல ஏத்தினேன்.”

உரித்த சுளை அவர் கையிலேயே இருந்தது.

அன்று இளவரசி கேட்டாள், “எப்பங்க வர்றீங்க?”

“அஞ்சு வருஷம் ஆகும்,” என்றான் ஜம்பு. “டைரக்டரும் சேர்ந்துதான் வர்றார்.”