சான்றிதழ் வாத்தியார்

பாடத்தின் கடைசிப் படம் திரையில் வருவதற்குள் கணினியை மூடிவிடுவது சான்றிதழ் வாத்தியாரின் வழக்கம். பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தைப் பெருக்கித் துடைத்துப் பராமரிக்கும் லேப் அக்கா பதினோரு வருடமாக இதைப் பார்க்கிறார். கடைசிப் படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. 'இனி ஆய்வகத்தில் கையால் செய்து பாருங்கள்' என்று ஒரே ஒரு வரி.

இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கணினிவழி வேதியியல் என்று எங்கே ஆசிரியர் பயிற்சி நடந்தாலும் முதல் வரிசையில் பையைப் போட்டு இடம்பிடித்து, குழு விவாதத்தில் அடுத்தவர் சொன்னதைத் தன் கருத்தாகத் தொகுத்து வழங்கி, போட்டோவில் நடுநாயகமாக நின்று, திரும்பி வந்ததும் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு ஆய்வகச் சுவரில் மாட்டி, சுவர் போதாமல் கண்ணாடிச் சாமான் அலமாரியின் கதவுகளுக்குக் குறுக்கேயும் ஆணி அடித்துவிடும் ஆள். அலமாரியைத் திறக்க நான்கு சட்டங்களைக் கழற்ற வேண்டும். யார் கழற்றுவது?

செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. இருபத்து நான்கு பிள்ளைகளில் ஒருவர்கூடப் பியூரெட்டைத் தொட்டதில்லை. அடியில் திருகு வைத்த நீளக் கண்ணாடிக் குழாய். அதிலிருந்து காரத்தைக் குடுவையில் உள்ள அமிலத்தில் சொட்டவிட வேண்டும். நிறம் மாறும் நொடியில் நிறுத்த வேண்டும். தேர்வே அதுதான். லேப் அக்கா நேரே வாத்தியாரிடம் போனார்.

"சார், ஒரு மத்தியானம் லேப்ப விடுங்க. புள்ளைங்க கையால புடிச்சுப் பாக்கட்டும்."

"எதுக்கும்மா? திரையில எட்டு தடவ காட்டியாச்சு. ஒரு சொட்டு சிந்தல, ஒரு கண்ணாடி உடையல. சரி, அடுத்த வாரம் ஒரு மத்தியானம் விடறேன். போதுமா?"

அடுத்த வாரம் வந்தது. போனது.

திரையில் சிந்தவில்லை என்பது உண்மைதான். பொத்தானைத் தட்டினால் காரம் இறங்கும். குடுவை இளஞ்சிவப்பானதும் தானே நின்றுவிடும். அவ்வளவு ஒழுக்கமான சொட்டு.

தேர்வன்று லேப் அக்கா நான்கு சட்டங்களையும் கழற்றிப் பியூரெட்டுகளை எடுத்து வைத்தார். பிள்ளைகள் அழகாகத் திருகைத் திறந்தார்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். குடுவைகள் இளஞ்சிவப்பாகி, கருஞ்சிவப்பாகி, குழாய்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தபோது முதல் மேசைப் பெண் மெல்லக் கேட்டாள்: "அக்கா, இது எப்பக்கா நிக்கும்?"

தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். லேப் அக்கா வாயைத் திறக்க முடியாது. தேர்வில் சொல்லிக்கொடுத்தால் வேலை போய்விடும். கடைசியில் இருபத்து நான்கு பேருக்கும் மறுதேர்வு.

வாத்தியார் அன்று வேறு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தார். அங்கே அவர் பேச்சில் மயங்கி, நிரந்தரப் பயிற்சியாளராகவே எடுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கு வந்து சாமான்களை அள்ளிக்கொண்டு கிளம்பியவரை லேப் அக்கா வாசலில் மறித்தார்.

"சார், புள்ளைங்களுக்குச் சொன்ன அந்த ஒரு மத்தியானம்?"

"அடுத்து வர்றவர் பாத்துக்குவாரும்மா."

சிரிக்கிறீர்களா? தாராளமாக. ஆனால் அந்த அடுத்தவர் நீங்களாகவும் இருக்கலாம். மறுதேர்வுக்கு இன்னும் எட்டு நாள்தான். அந்த மத்தியானம் இன்னும் வரவில்லை.