கூட வருகிறவர்

மனிதர்களில் ‘கூட வருகிறவர்’ என்று ஒரு வகை உண்டு. பார்க்க வேண்டுமானால் காலை எட்டு மணிக்குக் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு வாருங்கள். கல்வராயன் மலையிலிருந்து வரும் பேருந்தில் பத்துப் பேர் இறங்கினால், நான்கு பேருக்காவது அரசாங்க ஆபீசில் முடிக்க வேண்டிய ஏதோ ஒரு வேலை இருக்கும். அந்த நான்கு பேருக்காகவும் கீழே ஒருவர் காத்திருப்பார். அவருக்கு அரசாங்கத்தில் ஒரு வேலையும் இருக்காது. அவர்தான் நம் ஆள்.

அவரைப் புரோக்கர் என்று நினைத்துவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார். புரோக்கர் காசு வாங்குவார். இவர் வாங்க மாட்டார். ஒரு டீ, கூட ஒரு வடை, அதையும் மூன்று தடவை வற்புறுத்தினால்தான் எடுப்பார். காசு வாங்குகிறவரை நாளைக்கு வராதே என்று சொல்லிவிடலாம். வாங்காதவரிடம் எந்த வாயால் சொல்வது?

எங்கள் தெருவில் இந்த வகைக்கு ஒரு முழு உருவம் குடியிருக்கிறது. பெயர் சிங்கராயர். வயது ஐம்பத்தெட்டு. சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று எழுதுவதற்கு, இன்னொன்று வரிசையில் நிற்கிறவர்களுக்கு இரவல் கொடுப்பதற்கு. கையில் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் அடுத்தவர்களுடைய ரேஷன் கார்டு ஜெராக்ஸ், அடுத்தவர்களுடைய பாஸ்போர்ட் அளவுப் போட்டோ, அடுத்தவர்களுடைய மாமனார் இறப்புச் சான்று, ஒரு பசைக் குப்பி. யாராவது “தாலுக்கா ஆபீஸ் போகணும்” என்று வாயைத் திறந்தால் போதும், அவர் செருப்பை மாட்டிவிடுவார். தாசில்தார், ஆர்.டி.ஓ., கோர்ட்டு, ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், எதுவாக இருந்தாலும் கூட வருவார். வந்து என்ன செய்வார்? பேசுவார். 

மலையில் சாமை பயிரிடும் கருப்பண்ணனை அழைத்துக்கொண்டு அவர் ஓர் அலுவலகத்துக்குப் போனபோது நானும் வேறு வேலையாக அங்கே நின்றிருந்தேன்.

“உங்க பேரு இன்னா?” அதிகாரி கருப்பண்ணனைப் பார்த்துத்தான் கேட்டார்.

“கருப்பண்ணன் சார்” என்றார் சிங்கராயர்.

“அப்பா பேரு?”

“இருசப்பன் சார். தவறிட்டாரு.”

“ஏங்க, அவரு பேச மாட்டாரா?”

“நல்லாப் பேசுவாரு சார். ஆபீஸ்னா கொஞ்சம் பயம்.”

கருப்பண்ணன் கையில் ஒரு தீப்பந்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு காட்டுப்பன்றிக் கூட்டத்தையே கொல்லையிலிருந்து விரட்டுகிறவர். அவருக்கா பயம்? வாயைத் திறக்க இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் இன்னும் விசேஷம். “எங்க வலிக்குதும்மா?” என்று எங்கள் தெரு எஸ்தரை டாக்டர் கேட்டால், “இடது பக்கம் சார், வுட்டு வுட்டு வலிக்குது” என்று சிங்கராயர் சொல்வார். யார் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பது என்று டாக்டர் ஒரு நிமிடம் தடுமாறுவார்.

இந்த வகைக்குப் பிடித்த ஒரே சொல் ‘நாம’. நாம போன மாசம் மனு போட்டோம். நம்ம பட்டாவுல பேரு தப்பா இருக்குது. நம்ம கேசு வர்ற பதினேழாந்தேதி. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கரான சிங்கராயர், பழங்குடிச் சான்றிதழ் தரும் ஜன்னலில் தலையை நுழைத்து, “நம்ம சாதிச் சான்று இன்னா சார் ஆச்சு?” என்று கேட்டதை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன்.

நடுவில் காலம் மாறியது. மாவட்டம் பிரிந்தது. விழுப்புரம் வரை போக வேண்டிய வேலை கள்ளக்குறிச்சியிலேயே முடிந்தது. தகவல் கேட்கச் சட்டம் வந்தது, கேட்காமலே தகவல் சொல்ல வாட்ஸப் வந்தது. பழைய தண்டனைச் சட்டம் போய்ப் புதியது வந்தது. பிரிவு எண்களெல்லாம் மாறி, வக்கீல்களே கையில் ஒரு அட்டவணையை வைத்துக்கொண்டு திரிந்தார்கள். இதற்கிடையே எல்லாமே ஆன்லைன் என்றார்கள். இனிமேல் இடையில் யாரும் வேண்டாம், குடிமக்கள் வீட்டிலிருந்தபடியே மனுப் போடலாம் என்றார்கள். இனியாவது வீட்டுக்காரர் வீட்டில் இருப்பார் என்று சிங்கராயரின் மனைவி தெரசா அன்றைக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்ததாகத் தெருவில் பேச்சு.

சிங்கராயர் ஒழிந்தார் என்று நானும்தான் நினைத்தேன். ஆனால் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்த மெர்லின், கருப்பண்ணனைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“போன் நம்பர் சொல்லுங்க.”

கருப்பண்ணன் மடியைத் தடவினார். போன் வீட்டில் இருந்தது. வீடு மலையில் இருந்தது. டவர் எங்கேயோ இருந்தது.

“என் நம்பரப் போடும்மா” என்றார் சிங்கராயர்.

அவ்வளவுதான், முடிந்தது கதை. ஆதாருக்கு அவர் எண், ரேஷனுக்கு அவர் எண், பட்டாவுக்கு, பயிர்க் காப்பீட்டுக்கு, நூறு நாள் வேலைக்கு, கர்ப்பிணிப் பதிவுக்கு, எல்லாவற்றுக்கும் அவர் எண். நாட்டில் சட்டத்தின் எண்கள் மாறினாலும் சிங்கராயரின் எண் மாறவில்லை. முன்பு அவர் உங்களோடு அலுவலகம் வரைதான் வருவார். இப்போது உங்களுக்குள்ளேயே வந்துவிட்டார். காலையில் டீ குடித்துக்கொண்டே போனைப் பார்ப்பார். “உங்களுக்கு ஏழாவது மாதப் பரிசோதனை, தவறாமல் வரவும்.” “உங்கள் விதவை ஓய்வூதிய மனு பரிசீலனையில் உள்ளது.” “உங்கள் குழந்தைக்குத் தடுப்பூசி நாள் நெருங்கிவிட்டது.” அதைப் படித்துவிட்டு ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுச் சொல்வார். 

“எங்க வூட்டுக்காரருக்கு இந்த வருசம் மட்டும் மூணு பிரசவம்” என்பாள் தெரசா. “ரெண்டு வாட்டி தாலியும் அறுத்துட்டாரு.”

இதுவரை சிரித்தீர்கள் அல்லவா? இனி நர்மதா கதையைச் சொல்கிறேன்.

நர்மதா கருப்பண்ணனின் மகள். கரியாலூருக்கு மேலே வீடு. பன்னிரண்டாவதில் நல்ல மார்க்கு. வக்கீலுக்குப் படிக்க வேண்டும் என்று பிடிவாதம். அவளுடைய அம்மா மூக்காயி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். “கிட்ட கெடைச்சா போ. சனிக்கெழம சனிக்கெழம வூட்டுக்கு வரணும். தூரம்னா வேணாம், இங்கயே கெட.” விண்ணப்பம் போடும் நாளில் சிங்கராயர் கூடப் போனார். கைபேசி எண் என்ற கட்டம் வந்தது. நர்மதாவின் கையில் போன் இருந்தது, அதில் சிம் இருந்தது, அவளுக்கு எண் மனப்பாடமாகவும் இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் சிங்கராயர் தன் பத்து எண்களையும் சொல்லி முடித்துவிட்டார். பழக்கம்.

பக்கத்து மாவட்டத்திலேயே சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் ‘சம்மதம்’ என்று இணையத்தில் அழுத்த வேண்டும். அழுத்தினால் ஓடிபி வரும், அதைப் போட வேண்டும். போடாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. நர்மதாவும் மூக்காயியும் வெள்ளிமலையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்தார்கள். மணி இரண்டு. சிங்கராயர் அப்போது லாரன்ஸ் என்கிறவரின் பத்திர வேலையாகத் திருக்கோவிலூரில் இருந்தார். கூட நானும் இருந்தேன். லாரன்ஸ் எனக்கு மச்சான்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“சார், நான் நர்மதா. இப்ப உங்களுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், பாருங்க.”

“வந்துகீது பாப்பா. ஆறு நம்பர்.”

“சொல்லுங்க சார்.”

“அதெப்படிம்மா சொல்றது? யாரிடமும் பகிர வேண்டாம்னு போட்டுக்கீறான்ல?”

“சார், அது எனக்கு வந்ததுங்க.”

“உனக்குன்னா உன் போனுக்குல்ல வந்திருக்கும்? இது என் போனுக்கு வந்திருக்கு.”

நியாயம்தானே? யோசித்துப் பாருங்கள், எந்தக் கோர்ட்டில் இதை உடைப்பீர்கள்? போன மாதம்தான் சைபர் குற்ற விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு யாருக்கோ துணையாகப் போய், முதல் வரிசையில் உட்கார்ந்து, குறிப்பெடுத்துக்கொண்டு வந்திருந்தார். சட்டத்தை மதிக்கிறவர்.

“யோவ், அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுய்யா” என்று நான் கத்தினேன்.

“நீங்க சும்மா இருங்க. கொரல வெச்சுகினு எப்படி நம்புறது? நம்ம தெரு வீரமுத்து இப்படித்தான் நம்பரச் சொல்லி ஏமாந்தான்” என்று என்னை அடக்கிவிட்டு, போனில் சொன்னார். “பாப்பா, நீ ஒண்ணியும் தொடாத. அங்கயே இரு. நான் நேர்ல வந்து நானே போடறேன்.”

“அது பத்து நிமிசந்தாங்க சார் இருக்கும்!”

“வந்துகினே இருக்கேன்மா.”

லாரன்ஸை வரிசையிலேயே விட்டுவிட்டு ஓடினார். போனைப் பிடுங்கலாமா என்று நானும் பின்னால் ஓடினேன், அதற்குள் ஓடுகிற பேருந்தில் தொற்றிவிட்டார். திருக்கோவிலூரிலிருந்து கள்ளக்குறிச்சி, அங்கே பேருந்து மாறிக் கச்சிராயபாளையம், அப்புறம் மலைப்பாதை. வழியெல்லாம் நர்மதா கூப்பிட்டாள், வழியெல்லாம் புதிய ஓடிபி வந்தது, வழியெல்லாம் அவர் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். அவர் அடிவாரத்துக்கு வந்தபோது மூக்காயி கூப்பிட்டாளாம்.

“ஏங்க, உங்க கால்ல வுழறேன், அந்த நம்பரச் சொல்லிடுங்க.”

“அழாத மூக்காயி. கிட்ட வந்துட்டேன், நாம பாத்துக்கலாம்” என்றாராம். அடுத்த வளைவில் சிக்னல் போய்விட்டது.

ஐந்து இருபத்தைந்துக்குக் கடைக்குள் நுழைந்தார். வியர்வையைத் துடைத்தார், கண்ணாடியை மாட்டினார், நர்மதாவை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். “ம், இப்ப அனுப்பச் சொல்லு” என்றார்.

நேரம் முடிந்துவிட்டது என்று திரையில் இருந்தது. நர்மதா அழவில்லையாம், திரையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். எனக்கு இதைச் சொன்ன கடைக்காரர் அதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார். அப்போது சிங்கராயர் சொன்ன ஒரே வார்த்தை, “கவலப்படாத பாப்பா. நாம ஒரு அப்பீல் போட்டுடலாம்.” அன்றைக்கு அவர் என் முன்னால் நின்றிருந்தால் நான் கையை நீட்டியிருப்பேன். 

மறுநாள் காலை நர்மதா எங்கள் தெருவுக்கு வந்தாள். எண்ணை மாற்ற வேண்டும். எண்ணை மாற்ற வேண்டுமானால் பழைய எண்ணுக்கு ஓர் ஓடிபி வருமாம்! இந்தச் சட்டத்தை எழுதியவரும் யாரோடோ கூடப் போகிறவராகத்தான் இருக்க வேண்டும். தெரசா கதவைத் திறந்தாள், ஒன்றும் கேட்கவில்லை, சார்ஜரிலிருந்து கணவரின் போனைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். 

“குளிச்சிகினு கீறாரு. சீக்கிரம் எழுதிக்கோ” என்று ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “இரு, என் பேங்குக் கணக்குக்கும் அவரு நம்பர்தான். அத்த எப்படி மாத்துறதுன்னு சொல்லிட்டுப் போ” என்றாள்.

கலந்தாய்வின் அடுத்த சுற்றில் நர்மதாவுக்கு இடம் கிடைத்தது. ஆனால் தெற்கே, மூன்று பேருந்து மாறி ஒரு பகல் முழுக்கப் போனால் வருகிற ஊரில். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வர முடியாது, பொங்கலுக்குத்தான் வரலாம். மூக்காயியின் நிபந்தனைப்படி கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். கருப்பண்ணன் அப்படித்தான் நினைத்து, “தூரமாச்சே” என்று இழுத்தாராம்.

“தூரமா இருந்தாத்தான் நல்லது” என்றாளாம் மூக்காயி. “அந்த ஆளு வர முடியாத தூரமா இருக்கணும்.”

வர முடியாத தூரம் என்று ஒன்று இருக்கிறதா இவருக்கு? புறப்படும் நாளில், புதுச் சட்டை, ஜவுளிக்கடைப் பை சகிதம் பேருந்து நிலையத்தில் நின்றார். அவள் டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே இவர் ஜன்னலோர இருக்கையில் துண்டு போட்டிருந்தார்.

“நீங்க வர வேணாங்க சார்” என்றாள் நர்மதா.

“தனியாவா? அங்க ஆபீஸ்ல இன்னா இன்னா கேப்பாங்கன்னு தெரியுமா ஒனக்கு?”

“தெரியாதுங்க சார். கேட்டா சொல்றேன்.”

துண்டை எடுத்து மடித்து அவர் கையில் கொடுத்தாள். பேருந்து போனது. அவர் பையோடு நின்றார். எனக்குக்கூட ஒரு நிமிடம் பாவமாக இருந்தது. அப்போது பக்கத்துப் பேருந்திலிருந்து இறங்கிய ஒரு கிழவரிடம் அவர், “எங்க, கலெக்டர் ஆபீசா? நானும் அங்கதான் போறேன். இப்பத்தான் நாம ஒரு பொண்ண லா காலேஜ்ல சேத்துவுட்டோம்” என்று சொல்வது காதில் விழுந்தது. பாவம் போய்விட்டது.

வாசகரே, உங்களுக்கும் சிங்கராயர் மேல் நல்ல கோபம் வந்திருக்கும். அந்தக் கோபத்தோடு உங்கள் போனைக் கொஞ்சம் எடுங்கள். உங்கள் அம்மாவின் பென்ஷன் செய்தி யாருக்கு வருகிறது? மனைவியின் வங்கிக் கணக்குக்கு யாருடைய எண்? கல்லூரிக்குப் போகிற மகளின் ஆதாருக்கு? அதனால் என்ன, அவர்கள் கேட்டால் உடனே ஓடிபியைச் சொல்லிவிடுவேன், நான் என்ன சிங்கராயரா என்கிறீர்கள். சொல்வீர்கள், எனக்குத் தெரியும். “எதுக்கு?” என்று முதலில் கேட்டுவிட்டுத்தானே சொல்வீர்கள்?